மணி மட்டும் பொய் சொல்லாது!

ஆபீஸில் ஒருவர் சட்டைக் கையை வழக்கத்தைவிட இரண்டு மடிப்பு அதிகமாக மடித்துவிட்டுக்கொண்டு நடமாடினால், புது வாட்ச் கட்டியிருக்கிறார் என்று அர்த்தம். சில வருஷங்களுக்கு முன்பு அப்படி நடமாடியவன் அடியேன்.

கறுப்பு டயல், சுற்றிலும் கறுப்பு வளையம், இருட்டில் பச்சையாக ஒளிரும் புள்ளிகள், பன்னிரண்டுக்குக் கீழே குட்டியாக ஒரு கிரீடம், அதற்கும் கீழே அந்த உலகப் பிரசித்தி பெற்ற பெயர். வவுச்சரில் கையெழுத்துப் போட வந்த மானேஜர் பேனாவை அந்தரத்தில் நிறுத்திவிட்டு என் மணிக்கட்டையே பார்த்தார்.

"என்ன ஸார்... ரோலெக்ஸா?"

நான் 'ஆமாம்' என்று சொல்லவில்லை. 'இல்லை' என்றும் சொல்லவில்லை. "ஹி... ஹி..." என்றேன். எந்தக் கோர்ட்டிலும் இதைப் பொய் என்று நிரூபிக்க முடியாது.

நான் வாங்குகிற சம்பளத்தில் அசல் ரோலெக்ஸ் வாங்குவதென்றால் சில வருஷங்களுக்குச் சாப்பாடு, வாடகை, பெட்ரோல் மூன்றையும் துறக்க வேண்டும். இது மானேஜருக்கும் தெரியும். என் சம்பளப் பட்டியலில் கையெழுத்துப் போடுகிறவரே அவர்தானே! இருந்தும் கேட்டார். டயலில் இருக்கும் ஒரு பெயருக்கு அவ்வளவு சக்தி.

இத்தனைக்கும் அந்த வாட்சை நான் எந்தக் கடையிலும் வாங்கவில்லை. எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், நானே பாகம் பாகமாகப் பூட்டியது!

சாம்பார் பாத்திரத்துக்குப் பக்கத்தில்...

சிலர் தபால்தலை சேர்ப்பார்கள். சிலர் ரோஜாச்செடி வளர்ப்பார்கள். உலகம் பூரா சில ஆயிரம் பைத்தியங்கள் வாட்ச் பூட்டுகிறார்கள். கேஸ், கண்ணாடி, டயல், மூன்று முட்கள், கீ, ஸ்டீல் செயின் எல்லாம் தனித்தனியாக சீனாவிலிருந்து கூரியரில் வரும். உள்ளே வைக்கும் 'மெஷின்' பெரும்பாலும் ஜப்பான்: ஸெய்க்கோ குடும்பத்தின் என்.ஹெச். 35. பாட்டரி கிடையாது. கையை ஆட்ட ஆட்ட உள்ளே ஒரு அரைவட்டத் தகடு சுழன்று ஸ்பிரிங்கை முறுக்கும். 24 கல். கழற்றி வைத்தாலும் நாற்பது மணி நேரம் ஓடும்.

'பூட்டுவதுதானே, ஸ்க்ரூ டிரைவர் இருந்தால் போதாதா?' என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல். செகண்ட் முள்ளின் அடியில் இருக்கும் துவாரம் கால் மில்லிமீட்டருக்கு மேற்படாது. அதை அதைவிட மெல்லிய ஊசியின் தலையில் உட்கார வைத்து, வளையாமல் அழுத்த வேண்டும். ஒரு கண்ணில் லென்ஸ், ஒரு கையில் ட்வீசர், விரல் நுனிகளில் ரப்பர் உறை. மே மாதச் சென்னையில் மின்விசிறியை அணைத்துவிட்டுத்தான் இதைச் செய்ய வேண்டும். தூசு பறந்து டயலில் உட்கார்ந்தால், கண்ணாடி வழியாகப் பார்க்கும்போது பூசணிக்காய் மாதிரி தெரியும். நெற்றி வியர்வை ஒரு சொட்டு விழுந்தால் ஆட்டம் க்ளோஸ்.

மணி முள்ளைக் கண்ட இடத்தில் செருகக் கூடாது. கீயைத் திருப்பிக்கொண்டே வந்து, தேதி 'டக்'கென்று மாறுகிற இடத்தில் நிறுத்த வேண்டும். அதுதான் நள்ளிரவு. அங்கே முட்களைப் பன்னிரண்டுக்கு நேராக வைக்க வேண்டும். இதை மறந்துவிட்டு நான் முதலில் பூட்டிய வாட்சில் தினமும் மாலை ஐந்தே காலுக்கு மறுநாள் பிறந்தது. ஆபீஸ் போகிறவனுக்கு அது ஒருவிதத்தில் பொருத்தமான ஏற்பாடுதான்!

ஒருதரம் செகண்ட் முள் ட்வீசரிலிருந்து துள்ளி எங்கோ பறந்துவிட்டது. வீடே தரையில். தர்மபத்தினி டார்ச் லைட்டோடு, பையன் குப்புறப் படுத்துக்கொண்டு. பக்கத்து வீட்டு மாமா உதவி செய்கிறேன் பேர்வழி என்று ஒரு பெரிய காந்தத்தோடு வந்துவிட்டார். "ஐயோ, கிட்டே கொண்டு வராதீங்க!" என்று அலறினேன். முள் பித்தளை, காந்தத்தில் ஒட்டாது. ஆனால் உள்ளே இருக்கும் தலைமுடி போன்ற ஹேர்ஸ்பிரிங்கில் காந்தம் ஏறினால் சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். வாட்ச் குதிரை மாதிரி ஓடும். முள் மூன்றாம் நாள் தயிர்சாத டப்பா மூடியில் கிடைத்தது.

எனக்கு ட்வீசர் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தவர் திருவல்லிக்கேணியில் பெட்டிக்கடை அளவுக்கு வாட்ச் ரிப்பேர் கடை வைத்திருக்கும் ஒரு பாய். "தம்பி, மூச்சை அடக்குங்க. நீங்க அடங்கினா வாட்சும் அடங்கும்" என்பார். ப்ளட் பிரஷருக்கு இதைவிட நல்ல மருந்து நான் கண்டதில்லை.

கடைசியில் மெஷின் உயிர் பெறும் அந்த நிமிஷம் இருக்கிறதே... செகண்டுக்கு ஆறு துடிப்பு. மணிக்கு 21,600. ஒரு நாளைக்கு 5,18,400. நான் பூட்டியது நாளைக்கு இருபது செகண்ட் வேகமாக ஓடியது. ஒரு நாளின் 86,400 செகண்டில் இருபது! பத்தாயிரம் ரூபாய்க் கணக்கில் இரண்டேகால் ரூபாய் உதைக்கிற மாதிரி. எந்த ஆடிட்டரும் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போடுவார்.

மொத்தச் செலவு 9,000 ரூபாய்ச் சொச்சம். (இந்தக் கணக்கைப் பின்னால் திருத்த வேண்டியிருக்கிறது.)

அசலைவிட அசலாக!

இந்தப் பொழுதுபோக்கில் மூன்று ஜாதி உண்டு. டயலில் பெயரே போடாதவர்கள், தன் சொந்தப் பெயரைப் போடுகிறவர்கள், பிறத்தியார் பெயரைப் போடுகிறவர்கள். மூன்றாவது கோஷ்டியின் சிரத்தையைப் பார்த்தால் பிரமிப்பாக இருக்கும். அசல் ரோலெக்ஸ் கண்ணாடியில் ஆறு மணிக்கு நேரே, லென்ஸ் வைத்தால் மட்டும் தெரிகிற மாதிரி, லேசரில் ஒரு கிரீடம் செதுக்கியிருக்கும். அதையும் காப்பியடிப்பார்கள். தேதி எழுத்தின் பருமன் சரியில்லை என்று தேதிச் சக்கரத்தையே மாற்றுவார்கள். அசல் பாகங்கள் இரண்டையும் போலி பாகங்கள் எட்டையும் கலந்து கட்டுவார்கள். அதற்கு 'ஃபிராங்கன்' என்று செல்லப் பெயர், பிணங்களின் பாகங்களைத் தைத்து மனிதனை உண்டாக்கிய ஃபிராங்கன்ஸ்டைன் கதை ஞாபகத்தில்!

அசலைக் கட்டியிருக்கும் கோடீஸ்வரருக்கு இவ்வளவு விவரம் தெரியுமா என்பது சந்தேகம்.

இந்தப் போலி வியாபாரம் புதுசும் இல்லை. பதினெட்டாம் நூற்றாண்டிலேயே ஐரோப்பாவில் மட்டமான வாட்ச் பண்ணி, மேலே 'லண்டன்' என்று பொறித்து விற்றிருக்கிறார்கள். அப்போது லண்டன் சரக்குக்குத்தான் மவுசு. பாரிஸில் பிரெகே (1747-1823) என்று ஒரு வாட்ச் மேதை. டூப்ளிகேட் தொல்லை தாங்காமல் 1795 வாக்கில் டயலில் ரகசியக் கையெழுத்துப் போட ஆரம்பித்தார். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால்தான் அது கண்ணுக்குத் தெரியும்.

இதையெல்லாம் சுவாரஸ்யமாகப் படித்துக்கொண்டு, கிரீடம் போட்ட வாட்சைக் கட்டிக்கொண்டு, 'ஹி... ஹி...' என்று சொல்லிக்கொண்டு காலம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. சித்தப்பா வந்து சேரும் வரை.

மாப்பிள்ளைக்கு ஃபாரின் வாட்ச்

சித்தப்பா பெண்ணுக்குக் கல்யாணம். பத்திரிகை கொடுக்க வந்தவர் என்னை மொட்டைமாடிக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

"டேய், நிச்சயதார்த்தத்துல ஒரு வேகத்துல மாப்பிள்ளைக்கு ஃபாரின் வாட்ச் போடறேன்னு சொல்லிட்டேன்டா. அவங்க கேக்கவே இல்லை. நானாத்தான் வாயைக் குடுத்துட்டேன். மண்டபத்துக்கே வட்டிக்கு வாங்கியிருக்கேன். நீ கட்டியிருக்கியே, அதே மாதிரி ஒண்ணு பண்ணிக் குடு."

"சித்தப்பா, இது டூப்ளிகேட்."

"மணி சரியா காட்டுமில்ல?"

"காட்டும்."

"அப்புறம் என்ன?"

எனக்குப் பதில் தெரியவில்லை. உண்மையைச் சொன்னால், பதில் தேடவும் இல்லை. நம் கைவேலைக்கு முதல் ஆர்டர் என்று உள்ளுக்குள் ஒரு பெருமை. நான் பூட்டியதிலேயே அதுதான் அருமையான வாட்ச். நாளைக்கு நாலு செகண்ட்தான் வித்தியாசம். மண்டபத்தில் சித்தப்பா அதை மாப்பிள்ளை கையில் கட்டிவிட, போட்டோகிராபர் "இன்னொரு வாட்டி கட்டுங்க ஸார்" என்றார். சுற்றி நின்றவர்கள் எட்டி எட்டிப் பார்த்தார்கள். சாப்பாட்டுப் பந்தியில்கூட மைசூர்பாகைவிட வாட்சுக்குத்தான் பேர்.

ஒன்றரை வருஷம் கழித்து ஒரு சனிக்கிழமை சாயங்காலம் மாப்பிள்ளை தனியாக வீட்டுக்கு வந்தார். காப்பியைக் குடித்துவிட்டு, பாக்கெட்டிலிருந்து ஒரு கைக்குட்டையை எடுத்துப் பிரித்து மேஜையில் வைத்தார். வாட்ச்.

"கடையில கொண்டு போய்க் காட்டினேன் மச்சான். பின்பக்கம் திறந்து பார்த்தார். பார்த்துட்டுச் சிரிச்சார். போலீஸ் அது இதுன்னும் ரெண்டு வார்த்தை பேசினார்."

நான் வாட்சையே பார்த்துக்கொண்டிருந்தேன். மணி ஆறு பத்து. சரியாகக் காட்டியது.

"கம்பெனியில ஆள் குறைச்சாங்க இல்லையா... அம்மாவுக்கு ஆபரேஷன்னு டாக்டர் சொன்னப்ப எல்லாரும் பயந்தாங்க. நான் பயப்படலை. வாட்ச் இருக்கு, வித்துக்கலாம்னு ஆறு மாசமா தைரியமா இருந்தேன்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "இது தெரியாதவன் நான் ஒருத்தன்தானா மச்சான்?"

கோபமாகக் கேட்டிருந்தால் தேவலை.

நான் படித்தது பி.காம். இல்லாத ஒரு சொத்தைப் பாலன்ஸ் ஷீட்டில் காட்டினால் அதற்கு என்ன பெயர் என்று முதல் வருஷமே சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். ஒரு குடும்பத்தின் கணக்கில் சில லட்ச ரூபாயைப் பொய்யாக எழுதி வைத்தவன் நான்தான். டூப்ளிகேட் வாட்சால் பெரிய கம்பெனிக்குத்தானே நஷ்டம், அவர்கள் தாங்குவார்கள் என்று நான் அதுவரை நினைத்திருந்தேன். பொய்ப் பெயர் ஒரு கையிலிருந்து அடுத்த கைக்குப் போகும்போது, நம்புகிறவன் தலையில்தான் விடியும்.

ஆபரேஷனுக்கு எல்லாருமாகப் புரட்டினோம். என் பங்குக்கு பி.எஃப்.பில் கை வைத்தேன். அந்த அம்மாள் நன்றாக இருக்கிறார். ஆக, வாட்சுக்கு ஆன செலவு 9,000 சொச்சம் என்று மேலே எழுதியதைத் திருத்திக்கொள்ளவும்.

புறப்படும்போது மாப்பிள்ளை சொன்னார்: "வாட்ச் நல்லாத்தான் ஓடுது. அந்தப் பேரை மட்டும் எடுத்துடுங்க மச்சான்."

மறுநாளே மின்விசிறியை அணைத்துவிட்டு உட்கார்ந்தோம். பெயரில்லாத கறுப்பு டயல் ஒன்றை மாற்றினேன். செகண்ட் முள்ளை அவரையே வைக்கச் சொன்னேன். முதல் தடவையிலேயே உட்கார்த்திவிட்டார்! எனக்கு ஏழு மாசம் பிடித்த வித்தை. என் வாட்சின் டயலையும் அன்றைக்கே கழற்றிக் குப்பையில் போட்டேன்.

உங்களுக்கும் ஆசையா?

தாராளமாக ஆரம்பியுங்கள். முதலில் ஓடாத பழைய வாட்ச் ஒன்றைப் பிரித்துப் பழகுங்கள். லென்ஸ், நல்ல ட்வீசர், முள் எடுக்கும் கருவி, பின்மூடி திறக்கும் கருவி, தூசு ஊதும் ரப்பர் பல்பு போதும். கீயின் தண்டை வெட்டும்போது கொஞ்சம் கொஞ்சமாக வெட்டுங்கள். அதிகம் வெட்டியதை ஒட்ட முடியாது. பிரஷர் டெஸ்ட் செய்யாமல் குளத்தில் குதிக்காதீர்கள்.

ரோலெக்ஸ் ஸப்மரீனர் 1953-ல் வந்ததிலிருந்து அந்த ஜாடையில் எத்தனையோ கம்பெனிகள் தங்கள் சொந்தப் பெயரில் வாட்ச் விற்கின்றன. ஜாடை வேறு, பெயர் வேறு. அடுத்தவர் முத்திரையைப் பொய்யாகப் போடுவதும், அப்படிப்பட்ட சரக்கை விற்பதும் 1999-ஆம் வருஷத்து டிரேட் மார்க்ஸ் சட்டப்படி குற்றம். 6 மாதத்திலிருந்து 3 வருஷம் வரை உள்ளே. 50,000-லிருந்து 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். அதற்கு அசலையே தவணையில் வாங்கிவிடலாம்.

டயலைக் காலியாக விடுங்கள். யாராவது கேட்டால் "நானே பூட்டினது" என்று சொல்லிப் பாருங்கள். மானேஜரிடம் நான் சொன்னேன்.

"நீங்களா? வாட்சையா?" என்றவர் மறுநாள் ஒரு ப்ளாஸ்டிக் கவரோடு வந்தார். உள்ளே அவர் அப்பாவின் ஹெச்.எம்.டி. ஜனதா. ஜப்பானின் சிட்டிஸன் கூட்டுறவோடு 1961-ல் பெங்களூரில் வாட்ச் தயாரிக்க ஆரம்பித்த கம்பெனி. 2016-ல் அரசாங்கம் அதை மூட முடிவு செய்துவிட்டது. பாயிடம் எடுத்துப் போனேன். "இது அசல் தம்பி. டயல் மங்கியிருக்குன்னு யாராவது புது பெயிண்ட் அடிக்கிறேன்னா விட்டுடாதீங்க. அடிச்சா போலி ஆயிடும்" என்று சொல்லி, கழுவி எண்ணெய் போட்டுக் கொடுத்தார்.

இப்போது தினமும் காலையில் மானேஜர் ஸீட்டில் உட்கார்ந்ததும் முதல் வேலையாக அதற்குச் சாவி கொடுக்கிறார். தேதி கிடையாது, கிரீடம் கிடையாது. என்ன, நாளைக்கு ஐந்து நிமிஷம் ஸ்லோ. அதைச் சரிபண்ணித் தரட்டுமா என்று நான் கேட்கவில்லை. வேண்டாம் என்று செக்‌ஷனே கையெடுத்துக் கும்பிடுகிறது.

அந்த வாட்ச் வந்ததிலிருந்து எங்கள் ஆபீஸில் யாருமே லேட் இல்லை!