ஓசூர் ரோட்டு இன்சுலின்

பெங்களூரின் மஞ்சள் மெட்ரோவில், ஓசூர் ரோட்டில் எலெக்ட்ரானிக் சிட்டியைத் தாண்டினால் ‘பயோகான் ஹெப்பகோடி’ என்று ஒரு நிலையம் வருகிறது. 2025 ஆகஸ்டில் ஓடத் தொடங்கிய ரயில் அது. நிலையத்தின் பெயரில் உள்ள பயோகான் நிறுவனத்தை 1978இல் கிரண் மஜும்தார் ஷா பெங்களூரில் ஒரு கார் ஷெட்டில் தொடங்கியபோது அங்கே இன்சுலின் பேச்சே இல்லை. பப்பாளிப் பாலிலிருந்து நொதி எடுத்து ஏற்றுமதி செய்தார்கள்.

அன்று சர்க்கரை நோயாளிக்குக் கிடைத்தது மாடு, பன்றியின் கணையத்திலிருந்து எடுத்த இன்சுலின். மனித இன்சுலின் வந்த பிறகும் வெகுகாலம் அது வெளிநாட்டுச் சரக்கு. சாதாரணக் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகாது. 2004இல் பயோகான் ‘இன்சுஜென்’ என்ற மனித இன்சுலினையும், 2009இல் ‘பேசலாக்’ என்ற கிளார்ஜினையும் கொண்டுவந்தது.

கிளார்ஜின் நாள் முழுக்க வேலை செய்யும் இன்சுலின். குப்பிக்குள் அமிலத்தில் கரைந்திருக்கும். தோலுக்கடியில் போனதும் நுண்படிகமாகப் படிந்து, கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்தில் கலக்கும். அசல் மருந்து சனோஃபி நிறுவனத்தின் லாண்டஸ். மாத்திரையை நகலெடுப்பதுபோல இதை நகலெடுக்க முடியாது, உயிருள்ள செல்லில் வளர்க்க வேண்டும். சனோஃபி பாக்டீரியாவில் வளர்த்ததை பயோகான் பிக்கியா என்ற ஈஸ்டில் வளர்த்தது. உடலில் இரண்டும் ஒரே மாதிரி வேலை செய்கின்றன என்று சோதித்து நிரூபிக்கவும் வேண்டியிருந்தது. அதற்கே ஆண்டுக்கணக்கில் உழைப்பு.

2020 ஜூனில் அமெரிக்கா பயோகானின் கிளார்ஜினை ‘செம்க்லீ’ என்ற பெயரில் ஏற்றது. லாண்டஸ் எழுதிய சீட்டுக்கு மருந்துக்கடைக்காரரே அதை மாற்றிக் கொடுக்கலாம் என்ற அனுமதி 2021 ஜூலையில் வந்தது. அங்கே ஓர் இன்சுலினுக்கு அப்படிக் கிடைத்தது அதுவே முதல் முறை. ஆனால் அங்கே ஒரே மருந்தை இரண்டு விலையில் விற்றார்கள். ஐந்து பேனா கொண்ட பெட்டி பிராண்ட் பெயரோடு சுமார் 404 டாலர், பெயரில்லாமல் சுமார் 148 டாலர். பட்டியல் விலை உயர்ந்திருந்தால்தான் இடைத்தரகு நிறுவனங்களுக்குத் தள்ளுபடியும் பெரிதாகும். ஆலை விலையைக் குறைத்தாலும் நடுவே நிற்பவர்கள் குறையவிடுவதில்லை. எனக்கு இதுதான் ஆறாத கோபம்.

நம் நாட்டில் 2022இல் கிளார்ஜின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்ந்தது. பட்டியலில் உள்ள மருந்துக்கு அரசே உச்ச விலை வைக்கும். ஆயினும் டாக்டர் எந்தப் பெயரை எழுதுகிறாரோ அதையே பலரும் வருடக்கணக்கில் வாங்குகிறார்கள். இதே மருந்து குறைந்த விலையில் உண்டா என்று அவரிடமே கேளுங்கள். நீங்களாக மாற்ற வேண்டாம். அவர் சொல்லி மாற்றினால், முதல் சில வாரம் சர்க்கரையை அடிக்கடி பார்த்துக்கொள்ளுங்கள்.