பத்து நாள் பிசியோவின் விலை

ஊத்துக்குளியிலிருந்து திருப்பூர் சுமார் 15 கிலோமீட்டர். தோள்பட்டை இறுகிப்போன ஓவர்லாக் டெய்லருக்கு டாக்டர் பத்து நாள் பிசியோ எழுதிக் கொடுத்தால், போக வர 300 கிலோமீட்டர். ஷிப்டுக்கு 500 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், தினம் அரை ஷிப்ட் போனாலும் 2,500 ரூபாய் நட்டம். பெண்களுக்கு டவுன் பஸ் இலவசம். போன ஷிப்டை யார் தருவார்கள்?

மாதம் 12,000 ரூபாய் சம்பளத்துக்கு இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டுப் பிடித்தம் தொழிலாளியிடம் 0.75 சதவீதம், 90 ரூபாய். முதலாளி பங்கு 3.25 சதவீதம், 390 ரூபாய். இருவரும் சேர்ந்து ஆண்டுக்கு 5,760 ரூபாய் கட்டுகிறார்கள். பத்துப் பேர்கூட இல்லாத ஜாப் ஒர்க் யூனிட்டில் இருப்பவருக்கு இதுவும் கிடையாது.

பக்கவாதத்தில் படுத்தவர் பாடு இன்னும் மோசம். அவரால் பஸ் ஏறவே முடியாது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற அரசுத் திட்டம் இந்த இடத்தில்தான் பெரிய காரியம் செய்தது. பி.பி., சுகர் பார்க்க வரும் தன்னார்வலர் சொல்லிவிட்டால், இயன்முறை மருத்துவர், அதாவது பிசியோ, வீட்டுக்கே வருவார். ஆனால் திட்டத்தின் கணக்கு வட்டாரத்துக்கு ஒருவர். ஊத்துக்குளி ஒன்றியத்தில் 37 ஊராட்சிகள். நாளுக்கு 6 வீடு, மாதம் 25 நாள் என்று தாராளமாகவே போட்டாலும் 150 வருகை. ஆளுக்குப் பத்து முறை என்றால் 15 பேர். ஊராட்சிக்கு ஒருவர்கூடத் தேறவில்லை.

ஆகவே டாக்டர், தன்னார்வலர், பிசியோ என்ற இந்தச் சங்கிலியில் தனியார் பிசியோக்களும் சேர வேண்டும். நோயாளியை அனுப்பியதற்குக் கமிஷன் என்ற பேச்சு மட்டும் வேண்டாம். டாக்டர்கள் அதைக் கொடுப்பதையும் வாங்குவதையும் 2002-ம் ஆண்டு மருத்துவக் கவுன்சில் நடத்தை விதி 6.4 தடுக்கிறது. கமிஷன் புகுந்தால் பக்கத்துத் தெருவில் பிசியோ இருந்தும் நோயாளி பஸ் ஏறுவார்.

சீட்டில் 'பிசியோ' என்று ஒற்றைச் சொல் எழுதி அனுப்புவதும் போதாது. என்ன கோளாறு, எந்த அசைவு கூடாது, மறுபடி யாரிடம் காட்ட வேண்டும் என்ற மூன்றும் இருந்தால், வீட்டுக்கு வரும் பிசியோ முதல் நாளே வேலையைத் தொடங்கலாம். தோள் இறுகியவருக்குச் சுவரில் விரல்களால் மேலே நடக்கும் பயிற்சி உண்டு. எட்டிய உயரத்தில் சாக்பீஸால் கோடு போட்டு, வாராவாரம் கோடு ஏறுகிறதா என்று வீட்டாரே பார்த்துக்கொள்ளலாம். அப்படி வீட்டார் பழகிக்கொள்ளும் நோயாளிகளுக்கு மூன்று வருகை போதுமென்றால், அதே 150 வருகையில் 50 பேரைப் பார்க்கலாம்.