சரியான நிரல், வேறொரு ராக்கெட்

மென்பொருளைச் சோதிப்பது என் தொழில். புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகளுக்குப் பயிற்சி தருவதும் அதில் ஒரு பகுதி. ரெக்வயர்மென்ட், ரீயூஸ், எக்ஸெப்ஷன், டெஸ்டிங் என்ற சொற்களுக்கெல்லாம் அவர்கள் கல்லூரியிலேயே விளக்கம் மனப்பாடம் செய்திருப்பார்கள். அதனால் நான் விளக்கங்களில் தொடங்குவதில்லை. ஒரு ராக்கெட் வெடித்ததைச் சொல்கிறேன். கணினித் துறைக்கே சம்பந்தமில்லாதவர்களும் அதைக் கேட்டால் மென்பொருள் பொறியியலின் அடிப்படை புரிந்துவிடும் என்பது என் நம்பிக்கை.

1996 ஜூன் 4. தென் அமெரிக்காவில், பிரெஞ்சு கயானாவின் கூரூ ஏவுதளம். ஐரோப்பிய விண்வெளி முகமையின் புதிய ராக்கெட்டான ஏரியன் 5 முதன்முறையாகப் புறப்படுகிறது. பூமியின் காந்தமண்டலத்தை ஆராய்வதற்கான நான்கு கிளஸ்டர் செயற்கைக்கோள்கள் அதற்குள் இருக்கின்றன. பிரதான எஞ்சின் எரியத் தொடங்கி சுமார் 37 நொடிவரை எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. பிறகு, சுமார் 3,700 மீட்டர் உயரத்தில், ராக்கெட் சட்டென்று பாதை விலகிச் சாய்ந்தது. காற்றின் விசை தாங்காமல் உடைந்தது. தன்னைத்தானே அழித்துக்கொள்ளும் ஏற்பாடு இயங்கி வெடித்துச் சிதறியது.

கணிதவியலாளர் ழாக் லூயி லியோன்ஸ் தலைமையிலான குழு விசாரித்து, அடுத்த மாதமே அறிக்கை தந்தது. யாரும் படிக்கும்படி வெளியிடப்பட்ட அந்த அறிக்கையைத்தான் நான் வகுப்பில் பாடநூலாக வைத்துக்கொள்கிறேன்.

ராக்கெட் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, எவ்வளவு வேகத்தில் போகிறது என்று இடைவிடாமல் கணக்கிட்டுச் சொல்ல அதற்குள் ஒரு கருவி உண்டு. அதன் மென்பொருள் முந்தைய ராக்கெட்டான ஏரியன் 4-க்காக எழுதப்பட்டது. அதையே எடுத்துப் புதிய ராக்கெட்டில் வைத்தார்கள். ரீயூஸ் என்று நாங்கள் சொல்வது இதைத்தான். பறந்து தேறிய நிரலை விட்டுவிட்டுப் புதிதாக எழுதினால் புதுப் பிழைகள் வரும் என்ற எண்ணம் நியாயமானதே.

அந்த நிரலில் ஒரு வரி, 64 பிட் அளவுள்ள ஓர் எண்ணை 16 பிட் அளவுக்கு மாற்றியது. எந்த எண்ணுக்கு எவ்வளவு இடம் என்பதைக் கணினியில் முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும். அந்த 16 பிட் இடத்தில் 32,767-க்கு மேல் போகாது. ஐந்து கட்டங்கள் அச்சிட்ட படிவத்தில் ஆறு இலக்க எண்ணை எழுத முடியாதல்லவா, அதுபோலத்தான். ஏரியன் 4-இல் அந்த எண் ஒருபோதும் எல்லையைத் தொடவில்லை. ஏரியன் 5 வலிமையானது. அதன் கிடைமட்ட வேகம் ஐந்து மடங்கு விரைவாகக் கூடியது. அந்த வேகத்தைச் சார்ந்த எண் எல்லையைத் தாண்டியது. இதுதான் ஓவர்ஃப்ளோ.

இப்படி நடந்தால் என்ன செய்வது என்று நிரலிலேயே சொல்லி வைக்கலாம். அதற்குத்தான் எக்ஸெப்ஷன் கையாளுதல் என்று பெயர். ஆபத்தான மாற்றங்கள் ஏழு இருந்தன. நான்குக்கு மட்டுமே பாதுகாப்பு எழுதியிருந்தார்கள். கருவியின் கணினிச் சுமை 80 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது கட்டுப்பாடு. மீதி மூன்று எண்களும் எல்லையை எட்ட வாய்ப்பில்லை என்று ஆராய்ந்துதான் விட்டார்கள். ஏரியன் 4-ஐப் பொறுத்தவரை அந்த முடிவு சரி. ஆனால் ஏன் விட்டோம் என்ற காரணம் நிரலில் எங்கும் இல்லை. குவிந்து கிடந்த ஆவணங்களுக்குள் அது மறைந்துபோனது. அறிக்கையில் என்னை மிகவும் பாதித்த இடம் இது.

அந்த வரி இடம்பெற்ற கணக்கே ராக்கெட் எழும்பிய பிறகு தேவையில்லாதது என்பது இன்னும் வேதனை. கவுண்ட்டவுன் கடைசி நொடிகளில் நின்றுபோனால், கருவியை மறுபடி தயார் செய்யக் காத்திராமல் உடனே தொடரலாம் என்பதற்காக, எழும்பிய பிறகும் சுமார் 40 நொடி அதை ஓடவிட்டிருந்தார்கள். அது ஏரியன் 4-இன் தேவை. ஏரியன் 5-க்கு அந்தத் தேவை இல்லாதபோதும் நிரலில் அப்படியே தங்கிவிட்டது.

பேக்கப் இல்லையா என்று பிள்ளைகள் கேட்பார்கள். இருந்தது. ஒரே மாதிரிக் கருவிகள் இரண்டு இருந்தன. ஒரு கருவியின் பாகம் பழுதானால் மற்றது கைகொடுக்கும். ஆனால் இரண்டிலும் ஓடியது ஒரே மென்பொருள், பிழையும் ஒன்றே. மாற்றுக் கருவி அதே ஓவர்ஃப்ளோவால் முதல் கருவிக்குச் சற்று முன்பே செயலிழந்திருந்தது. முதல் கருவியும் நின்றபோது, தன் பழுதைப் பற்றி அது அனுப்பிய தகவலைப் பிரதான கணினி பறத்தல் தரவு என்று எடுத்துக்கொண்டு, எஞ்சின்களின் முனைகளை முழுக்கத் திருப்பிவிட்டது.

இனி என் தொழிலுக்கு வருகிறேன். முழு அமைப்பையும் சேர்த்துச் சோதித்தபோது அந்தக் கருவி அங்கே இல்லை. அதைப்போல நடிக்கும் சிமுலேட்டர்தான் இருந்தது. ஏரியன் 5 எப்படிப் பறக்கும் என்ற பாதை விவரம் கருவி என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் ரெக்வயர்மென்டிலேயே சேர்க்கப்படவில்லை. கேட்காத ஒன்றை யாரும் சோதிக்கவில்லை. விபத்துக்குப் பிறகு உண்மையான பாதை விவரத்தைக் கொடுத்துத் தரையில் ஓட்டிப் பார்த்தார்கள். நடந்தது அத்தனையும் அப்படியே திரும்ப நடந்தது. அந்தச் சோதனையைப் புறப்படும் முன்பே செய்திருக்கலாம்.

இந்த விபத்தில் அலட்சியமாக எழுதிய ஒரு வரியைத் தேடினால் கிடைக்காது. மென்பொருள் தேய்வதில்லை, துருப்பிடிப்பதில்லை. எழுதியபோது எதைச் செய்ததோ அதையே என்றைக்கும் செய்யும். அதைச் சுற்றியுள்ள நிலைமை மாறும்போது, சரியாக இருந்த நிரலே பிழையாகிவிடுகிறது. ஆகவே பழைய நிரலை எடுக்கும்போது, அது எந்த அனுமானங்களின்மேல் நிற்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். அந்த அனுமானங்களை நிரலுக்குப் பக்கத்திலேயே எழுதிவைப்பது எழுதுகிறவரின் கடமை. புதிய இடத்திலும் அவை நிற்கின்றனவா என்று ஓட்டிப் பார்ப்பது என்னைப் போன்றவர்களின் கடமை.

கிளஸ்டர் செயற்கைக்கோள்களை மறுபடி கட்டி, 2000-இல் சோயுஸ் ராக்கெட்டுகளில் அனுப்பினார்கள். ஏரியன் 5-உம் தேறியது. 2021 டிசம்பரில் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியை விண்ணுக்குக் கொண்டுபோனது. 117 முறை பறந்து 2023 ஜூலையில் ஓய்வுபெற்றது. காரணத்தை ஒளிக்காமல் எழுதி வெளியிட்டதற்கு இந்த வெற்றியில் பெரிய பங்கு உண்டு என்று நான் நினைக்கிறேன்.

வங்கிச் செயலி நின்றாலும், டிக்கெட் முன்பதிவு முடங்கினாலும் "சாஃப்ட்வேர் பிரச்சினை" என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். அது பதிலாகாது. நேற்றுவரை ஓடியது இன்று நின்றதென்றால் எது மாறியது, அந்த மாற்றத்தோடு சேர்த்து யார் சோதித்தார்கள் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. அதைக் கேட்பதற்கு நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டியதில்லை.