எழில் நிறுவ: முதல்ல பைதான்

இடையஞ்சாவடி மாதிரி ஊர்ல தமிழ்லயே நிரல் எழுதிப் பழக 'எழில்' நல்ல தொடக்கம். முத்து அண்ணாமலை உருவாக்கிய இந்த மொழி, பைதானில் எழுதப்பட்டது. பிப் வழியா நிறுவ முதல்ல பைதான் வேணும்.

உபுண்டு: பைதான் 3 கூடவே வருது. ஆனா 23.04 பதிப்பிலிருந்து பிப் நேரடியா நிறுவ விடாது. இயங்குதளமே பைதானை நம்பி ஓடுறதால இந்தக் காவல். தனியா ஒரு மெய்நிகர் சூழல் உருவாக்கி அதுக்குள்ள நிறுவுங்க.

விண்டோஸ் 10, 11: நிறுவியோட முதல் திரையில 'பாத்'-ல் சேர்க்கும் கட்டத்தை டிக் பண்ணுங்க. விட்டுட்டா, பைதான் எங்க இருக்குன்னு கட்டளைத் திரைக்குத் தெரியாது.

விண்டோஸ் 7: பழைய விலையில்லா மடிக்கணினி வெச்சிருக்கறவங்க கவனிங்க. பைதான் 3.9-லிருந்து இதுல ஓடாது. கிடைக்கிற கடைசி நிறுவி 3.8.10. அந்த வரிசைக்குப் பாதுகாப்புத் திருத்தங்களும் 2024-ல் நின்னுபோச்சு. அதனால இணையத்தைத் துண்டிச்சுப் பழகுங்க; இல்லன்னா எடை குறைவான லினக்ஸ் போடுங்க. பழசுன்னு மடிக்கணினியைத் தூக்கிப் போட வேண்டாம்.

எல்லாம் முடிஞ்சதும் எழில்ல ஒரே வரி:

பதிப்பி "வணக்கம்"

திரையில வணக்கம் வந்தா, நிறுவல் சரி.