அந்தப் பத்து கிலோ எங்கே போகிறது?

ஒரு சின்னக் கேள்வியோட ஆரம்பிக்கலாம் நண்பர்களே. உங்க சீனியர் ஒருத்தர் 10 கிலோ எடை குறைச்சிட்டார்னு வைங்க. அந்த 10 கிலோ கொழுப்பு எங்கே போச்சு?

எங்க ஹாஸ்டல் விங்ல இதைக் கேட்டுப் பார்த்தேன். பாதிப் பேர் "வியர்வையா வெளிய போயிடும்" என்றார்கள். சிலர் "எனர்ஜியா மாறிடும்" என்றார்கள். ஒருத்தன் மட்டும் ரொம்ப உறுதியா "தசையா மாறிடும்டா" என்றான். மூணுமே தப்பு. கொழுப்பு எரியும்போது சக்தி வெளிவருவது உண்மைதான். ஆனால் அதிலிருக்கும் அணுக்கள் எங்கேயாவது போய்த்தானே ஆக வேண்டும்? 10 கிலோ நிறை அப்படியே சக்தியாக மாறினால் நம்ம ஹாஸ்டல் என்ன, இந்த மாவட்டமே மிஞ்சாது.

விடை, மூச்சு. நம் உடம்பில் சேரும் கொழுப்பு கார்பன், ஹைட்ரஜன், ஆக்ஸிஜன் மூன்றும் சேர்ந்த ஒரு பொருள். அது எரிந்தால் கிடைப்பது கார்பன் டை ஆக்ஸைடும் தண்ணீரும். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ரூபன் மீர்மன், ஆண்ட்ரூ பிரவுன் என்ற இருவர் 2014-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டினார்கள். 10 கிலோ கொழுப்பு முழுசாக எரிய 29 கிலோ ஆக்ஸிஜன் வேண்டும். வெளியே வருவது 28 கிலோ கார்பன் டை ஆக்ஸைடு, 11 கிலோ தண்ணீர். ரெண்டு பக்கமும் கூட்டிப் பாருங்க, 39-க்கு 39 சரியா வரும். அந்த 10 கிலோவில் 8.4 கிலோ மூச்சு வழியாகவும், மீதி 1.6 கிலோ தண்ணீராகவும் போகிறது. அப்போ வேக வேகமா மூச்சு விட்டா இளைச்சிடலாமான்னு கேட்காதீங்க. உடம்பு எவ்வளவு எரிக்கிறதோ அவ்வளவுதான் வெளியே போகும். சும்மா மூச்சு வாங்கினால் தலைதான் சுத்தும்.

இந்தக் கணக்கு புரிஞ்சிட்டா பாதி ஏமாற்று வேலை தானாகவே விலகிடும். வயிற்றில் கட்டிக்கொள்ளும் பெல்ட், வெயிலில் ஜாக்கெட் போட்டு ஓடுவது, இதிலெல்லாம் குறைவது தண்ணீர். ரெண்டு சொம்பு தண்ணி குடிச்சா திரும்ப வந்துடும். வெந்நீரில் தேனும் எலுமிச்சையும் கலந்து குடித்தால் கொழுப்பு கரையும் என்பதும் அப்படித்தான். கொழுப்பு கரைவதில்லை, எரிகிறது. எரிய வேண்டுமானால் உடம்புக்கு வரும் சக்தியைவிடச் செலவாகும் சக்தி கொஞ்சம் அதிகமாக இருக்க வேண்டும். தெர்மோடைனமிக்ஸ் பேப்பரில் அரியர் வைத்தவர்களுக்கும் இது புரியும்.

"கொஞ்சம்" என்ற சொல்லை நல்லா கவனிங்க. இந்தக் கட்டுரையை எழுதக் காரணமே அந்தச் சொல்தான்.

பிளேஸ்மென்ட் சீசன் வந்தால் நம் காலேஜில் ஒரு வழக்கம் தொடங்கிவிடும். ஃபார்மல் பேன்ட் இடுப்பில் ஏற மறுக்கும். உடனே மூணு வாரத்தில் பத்து கிலோ குறைக்கும் திட்டம் தயாராகும். போன வருஷம் என் வகுப்புத் தோழி ஒருத்தி காலையில் கிரீன் டீ, மதியம் வெள்ளரிக்காய், ராத்திரி ஒரு ஆப்பிள் என்று பதினெட்டு நாள் இருந்தாள். பத்தொன்பதாவது நாள் லேப்பில் சர்க்யூட்டைக் கையில் வைத்துக்கொண்டே சரிந்து விழுந்தாள். டேபிள் முனையில் பட்டு நெற்றியில் நாலு தையல். அந்த வாரம் இருந்த முதல் கம்பெனி டெஸ்ட்டை அவள் எழுதவில்லை. அவள் இதை எழுதச் சொன்னதால்தான் எழுதுகிறேன், பெயர் மட்டும் வேண்டாம் என்றாள்.

அவளுக்கு நடந்தது ஆச்சரியமே இல்லை. 1944-ல் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற விஞ்ஞானி 36 ஆண்களை வைத்து ஒரு ஆராய்ச்சி தொடங்கினார். அது இரண்டாம் உலகப் போர்க் காலம். போரில் சண்டையிட மறுத்து, அதற்குப் பதிலாக இந்த ஆராய்ச்சிக்கு மனமுவந்து வந்த இளைஞர்கள் அவர்கள். ஆறு மாதம் ஒரு நாளைக்கு சுமார் 1,570 கலோரிதான் சாப்பாடு. எடை கிட்டத்தட்ட கால் பங்கு குறைந்தது. கூடவே குளிர் தாங்கவில்லை, சோர்வு, எரிச்சல், படிப்பில் கவனம் நிற்கவில்லை. எந்நேரமும் சாப்பாட்டு நினைப்பு. சமையல் புத்தகங்களை உட்கார்ந்து படித்தார்கள். உடம்பும் செலவைச் சுருக்கிக்கொண்டது, ஓய்வில் எரிக்கும் சக்தி நன்றாகக் குறைந்துபோனது. திரும்பச் சாப்பிட ஆரம்பித்ததும் பலருக்கு முன்பிருந்ததைவிடக் கொழுப்பு கூடியது. 1,570 கலோரிக்கே இந்தக் கதி. வெள்ளரிக்காய் டயட்டில் அதில் பாதிகூட வராது.

"ஆனா முதல் வாரமே ரெண்டு கிலோ குறைஞ்சுதே" என்று யாராவது கேட்பீர்கள். குறையும். உடம்பு அவசரத் தேவைக்கு கிளைக்கோஜன் என்ற மாவுச்சத்தைத் தசையிலும் கல்லீரலிலும் அரைக் கிலோ அளவுக்குச் சேர்த்து வைத்திருக்கிறது. ஒரு கிராம் கிளைக்கோஜனோடு சுமார் 3 கிராம் தண்ணீர் ஒட்டிக்கொண்டிருக்கும். பட்டினி கிடந்தால் முதலில் காலியாவது இதுதான், தண்ணீரும் கூடவே போய்விடும். தராசு சந்தோஷப்படுத்தும், கொழுப்பு அந்த அளவுக்குக் குறைந்திருக்காது. அதுக்கப்புறமும் பட்டினியைத் தொடர்ந்தால் உடம்பு தசையையும் சேர்த்துத் தின்னும்.

சரி, எவ்வளவு குறைத்தால் நியாயம்? ஒரு கிலோ உடல் கொழுப்பில் சுமார் 7,700 கலோரி இருக்கிறது என்பது பொதுவான கணக்கு. வாரத்துக்கு அரைக் கிலோ என்றால் ஒரு நாளைக்கு 550 கலோரி பற்றாக்குறை போதும். மாதம் இரண்டு கிலோ. கேட்கச் சப்பென்று இருக்கும். ஆனால் ஜூன் மாதம் ஆரம்பித்தால் அக்டோபருக்குள் பத்து கிலோ.

அதற்கு முன்னால், குறைக்க வேண்டுமா என்பதையே பாருங்க. எடையைக் கிலோவில் எடுத்து, மீட்டரில் அளந்த உயரத்தால் இரண்டு முறை வகுத்தால் பி.எம்.ஐ. கிடைக்கும். இந்தியர்களுக்கு 23-க்கு மேல் அதிக எடை, 25-க்கு மேல் உடல் பருமன் என்று வைத்திருக்கிறார்கள். 170 சென்டிமீட்டர் உயரமுள்ளவருக்கு இது 66.5 கிலோவும் 72 கிலோவும். ஒல்லியான கை காலோடு தொப்பை மட்டும் வைத்திருப்பவர்கள் நம் ஊரில் அதிகம் என்பதால் இஞ்ச் டேப்பும் முக்கியம். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. இந்த இரண்டிலும் நீங்கள் சரியாக இருந்தால், கல்யாண வீட்டில் பெரியம்மா "என்ன, பூசின மாதிரி ஆயிட்ட?" என்று கேட்டதற்காக டயட் இருக்கத் தேவையில்லை. பெரியம்மாவுக்குச் சிரிச்சிட்டு பாயசத்தை வாங்கிக்கோங்க.

இப்போ மெஸ்ஸுக்குப் போவோம். நம்ம பிரச்சினை அளவு மட்டும் இல்லை, தட்டில் எது எவ்வளவு இருக்கிறது என்பதும்தான். ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில், மொத்தக் கலோரியில் அரிசி, கோதுமை, சிறுதானியம் எல்லாம் சேர்த்து 45 சதவீதத்துக்கு மேல் போக வேண்டாம் என்கிறார்கள். நம்ம மெஸ் தட்டைப் பாருங்க. காலையில் பொங்கல், மதியம் சோறு, சாயங்காலம் பஜ்ஜி, ராத்திரி சப்பாத்தியோடு உருளைக்கிழங்கு குருமா. ஓரமா ஒரு கரண்டி பொரியல்.

புரதம் ஒரு கிலோ உடல் எடைக்கு நாளுக்கு 0.83 கிராம் தேவை. 60 கிலோ ஆளுக்கு 50 கிராம். நாலு இட்லி, மதியச் சோறு சாம்பார் மோர், ராத்திரி மூணு சப்பாத்தி குருமா, எல்லாவற்றையும் நான் கூட்டிப் பார்த்ததில் 40 கிராம் ஒட்டித்தான் வந்தது. எடை குறைக்கும் சமயத்தில் தசை போகாமல் இருக்க வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே வேண்டும். புரதம் இருந்தால் பசியும் சீக்கிரம் எடுக்காது. இதுக்குப் பெரிய டப்பா பவுடர் எல்லாம் வாங்க வேண்டாம், அதையும் அதே வழிகாட்டி தவிர்க்கச் சொல்கிறது. ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு கப் சுண்டலில் 10 கிராமுக்கு மேல். சாம்பார் வாளியில் கரண்டியை அடியில் விட்டு அள்ளுங்க, பருப்பு அங்கேதான் இருக்கு. மெஸ் அண்ணன் முறைப்பார், பரவாயில்லை.

எனக்குப் பலித்த முறை இது: முதலில் பொரியலும் கூட்டும் தட்டில் பாதி, அப்புறம் முட்டையோ பருப்போ சுண்டலோ கால் பங்கு, மீதி இடத்தில்தான் சோறு. சோற்றை நிறுத்தச் சொல்லவில்லை. சோறு இல்லாமல் ரெண்டு நாள் இருப்போம், மூணாவது நாள் ராத்திரி கேட்டுக்கு வெளியே பரோட்டா கடையில் நிற்போம். ஒரு சின்ன பரோட்டாவே 200 கலோரியைத் தாண்டும், சால்னா தனி. எண்ணெய் ஒரு கிராமுக்கு 9 கலோரி, சோற்றில் இருக்கும் மாவுச்சத்துக்கு 4. அதனால்தான் சோற்றைப் பாதியாக்கிவிட்டு பஜ்ஜி ரெண்டு சேர்த்துக்கொண்டால் கணக்கு நமக்கு எதிராகப் போகிறது.

குடிக்கிறதையும் எண்ணுங்க. 300 மில்லி கூல்டிரிங்ஸில் சர்க்கரை 30 கிராமை ஒட்டி இருக்கும், அதாவது ஆறு டீஸ்பூன். கேன்டீன் டீ நாலு முறை குடிக்கிறவர் ஒவ்வொன்றிலும் ரெண்டு ஸ்பூன் என்றால் 40 கிராம், 160 கலோரி. வயிறு இதைச் சாப்பாடாகவே பதிவு செய்வதில்லை. டீயை விட முடியாது, எனக்குத் தெரியும். அரை சர்க்கரை என்று சொல்லுங்க, பத்து நாளில் நாக்கு பழகிடும்.

உடற்பயிற்சி பற்றி நேர்மையாக ஒன்று சொல்ல வேண்டும். எடை குறைய அது மட்டும் போதாது. 70 கிலோ ஆள் ஒரு மணி நேரம் வேகமாக நடந்தால் 250 கலோரி செலவாகும். அதே நேரம் சும்மா உட்கார்ந்திருந்தாலும் 70 போயிருக்கும், ஆக உண்மையான லாபம் 180. அதை ஒரு பரோட்டா நாலு நிமிஷத்தில் அடித்துவிடும். அப்புறம் எதுக்குப் பயிற்சி? தசையைக் காப்பாற்ற, குறைந்த எடை திரும்ப ஏறாமல் பார்த்துக்கொள்ள, ராத்திரி ஒழுங்காகத் தூங்க. உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடலுழைப்பும், இரண்டு நாள் தசைக்கான பயிற்சியும் சொல்கிறது. 150 நிமிடம் என்பது நாளுக்கு அரை மணி, வாரம் ஐந்து நாள். ஹாஸ்டலிலிருந்து டிபார்ட்மென்ட்டுக்குப் பைக் எடுக்காமல் வேகமா நடந்தாலே பாதி தேறும். தசைக்கு ஜிம் கட்டாயமில்லை. தண்டால், படிக்கட்டு, அப்புறம் நம்ம தோப்புக்கரணம். பள்ளியில் தண்டனையாகப் போட்டதால் அதன் மேல் ஒரு வெறுப்பு இருக்கும், ஆனால் தொடைக்கு அது நல்ல வேலை. வயிற்றுக்கு மட்டும் பயிற்சி செய்து வயிற்றுக் கொழுப்பை மட்டும் குறைக்க முடியாது. எங்கிருந்து எடுப்பது என்று உடம்புதான் முடிவு செய்யும்.

தூக்கமும் இதில் சேர்ந்ததுதான். தூக்கம் குறைந்தால் மறுநாள் பசி கூடும், அதுவும் இனிப்புக்கும் வறுத்ததுக்கும்தான் கை போகும். மாடல் எக்ஸாம் வாரத்தில் கேன்டீன் கல்லாப்பெட்டியைப் பார்த்தாலே தெரியும்.

அளப்பது எப்படி என்பதில்தான் நிறைய பேர் மனசு விட்டுப் போகிறார்கள். உப்பு, தண்ணீர், குடலில் இருக்கும் சாப்பாடு, இதெல்லாம் சேர்ந்து எடையை ஒரே நாளில் ஒரு கிலோ மேலும் கீழும் ஆட்டும். ஞாயிறு பிரியாணிக்கு அப்புறம் திங்கள் காலை தராசு பயமுறுத்தும். நாம் தேடும் சிக்னல் வாரத்துக்கு அரைக் கிலோ, இரைச்சலோ நாளுக்கு ஒரு கிலோ. சிக்னல் பிராசசிங் படித்தவர்கள் என்ன செய்வார்கள்? சராசரி எடுப்பார்கள். தினமும் காலையில் பாத்ரூம் போய் வந்ததும் எடை பாருங்க, ஏழு நாள் சராசரியை மட்டும் ஒப்பிடுங்க. பெண்களுக்கு மாதவிடாய்க்கு முன் தண்ணீர் தேங்கி எடை ஏறலாம், அதனால் ஒரு மாத சராசரியை அடுத்த மாத சராசரியோடு ஒப்பிடுவது நல்லது. மூணு, நாலு வாரம் சராசரி அசையவே இல்லை என்றால் மட்டும் தட்டைத் திரும்பிப் பாருங்க.

எதுவும் மாற்றாமலே எடை ஏறினாலும் இறங்கினாலும், மாதவிடாய் தள்ளிப்போனாலும், அடிக்கடி மயக்கம் வந்தாலும் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு டாக்டரிடம் போங்க. தைராய்டு, பி.சி.ஓ.டி. போன்றவை தோப்புக்கரணத்தில் சரியாகாது. சாப்பிட்டதை நினைத்துக் குற்ற உணர்ச்சி, வேண்டுமென்றே வாந்தி எடுப்பது என்று போனால் அதுவும் மருத்துவரிடம் சொல்ல வேண்டிய விஷயம்தான். உங்க ரூம்மேட்டிடம் இதைக் கவனித்தால் கிண்டல் பண்ணாதீங்க, கூடப் போங்க.

அப்புறம் ஒரு வேண்டுகோள். சாயங்கால பஜ்ஜிக்குப் பதிலாக வாரத்தில் மூணு நாளாவது சுண்டல் வேண்டும் என்று மெஸ் கமிட்டிக்கு ஒரு மனு எழுதி வைத்திருக்கிறோம். கொண்டைக்கடலை, பச்சைப்பயறு, தட்டப்பயறு எது கொடுத்தாலும் சரி. கையெழுத்துத் தாள் மெஸ் வாசலில், கைகழுவும் இடத்துக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டியிருக்கு. தெற்கு பிளாக்கிலிருந்து இதுவரை ஒருத்தர்கூடப் போடவில்லை.