தேனிரும்பு வாயிற்கதவுகள்: பெயரும் பொருளும் விலையும்

ஆய்வுச் சுருக்கம்

'ராட் அயர்ன்' என்னும் ஆங்கிலப் பெயரில் இன்று விற்கப்படும் வாயிற்கதவுகளுள் பெரும்பாலானவை மென்னெஃகால் ஆனவை. அப்பெயரைத் 'தேனிரும்பு' எனப் பெயர்ப்பது பல இடங்களில் பொருட்பிழையாகிறது. தேனிரும்பின் உள்ளமைப்பு, தன்மை, விலை ஆகியவற்றை விளக்கி, தமிழில் எழுதுவோர் எச்சொல்லை எங்கு ஆளலாம் என்பதை இக்கட்டுரை வரையறுக்கிறது.

திறவுச்சொற்கள்: தேனிரும்பு, வார்ப்பிரும்பு, மென்னெஃகு, கசடு, கொல்லுவேலை, கலைச்சொல்.

முன்னுரை

சுருள்களும் இலைகளும் ஈட்டிமுனைகளும் அமைந்த இரும்புக் கதவை விற்பவர் 'ராட் அயர்ன் கேட்' என்கிறார். மொழிபெயர்ப்பாளர் 'தேனிரும்புக் கதவு' என எழுதுகிறார். 'ராட்' என்பது 'வேலை செய்' எனப் பொருள்படும் ஆங்கில வினையின் பழைய எச்சவடிவம். வேலைப்பாட்டைக் குறித்த அச்சொல், அவ்வேலைக்கு உகந்த இரும்பு வகையின் பெயராக நிலைபெற்றது. அவ்வகை இரும்பு அருகிய பின்னர், வணிக வழக்கில் மீண்டும் தோற்றத்தையும் வேலைப்பாட்டையும் சுட்டும் பெயராயிற்று. தமிழில் 'தேனிரும்பு' என்பதோ ஒரு பொருளின் பெயர். ஆங்கிலச் சொல்லின் இருபொருளையும் அதன்மேல் ஏற்றும்போது குழப்பம் பிறக்கிறது.

கரியளவும் கசடும்

தமிழ்நாட்டுப் பள்ளி வேதியியல் நூல்கள் இரும்பைக் கார்பன் அளவு கொண்டு மூன்றாகப் பகுக்கின்றன. 2 முதல் 4.5 விழுக்காடு வரை கார்பன் உடையது வார்ப்பிரும்பு, 0.25 முதல் 2 விழுக்காடு வரை உடையது எஃகு, 0.25 விழுக்காட்டிற்கும் குறைவாக உடையது தேனிரும்பு. வார்ப்பிரும்பைப் பிரித்தறிய இப்பகுப்புப் போதும். ஆனால் இன்றைய மென்னெஃகுக் கம்பிகள் பலவற்றிலும் கார்பன் 0.25 விழுக்காட்டிற்குக் குறைவாகவே உள்ளது. கார்பனை மட்டும் அளவுகோலாகக் கொண்டால் அவையும் தேனிரும்பாகிவிடும்.

இரண்டையும் பிரிப்பது கசடு. ஹென்றி கோர்ட் 1784இல் காப்புரிமை பெற்ற துழாவல் முறையில், எதிரனல் உலையில் உருகிய வார்ப்பிரும்பைத் தொழிலாளர் நீண்ட கோலால் துழாவிக் கார்பனை எரித்தனர். கார்பன் குறையக் குறைய இரும்பின் உருகுநிலை உயர்வதால், அது களிபோலத் திரண்டது. அத்திரளைச் சம்மட்டியால் அடித்தும் உருளைகளுக்கிடையே செலுத்தியும் கசட்டைப் பிழிந்தனர். எஞ்சிய 1 முதல் 3 விழுக்காடு அளவிலான கசடு, மெல்லிய இழைகளாக நீண்டு இரும்பினுள் தங்கியது. மென்னெஃகு முற்றிலும் உருகிய நிலையில் பெறப்படுவதால் கசடு மேலே மிதந்து பிரிந்துவிடும். எனவே அதில் இவ்விழையமைப்புத் தோன்றுவதில்லை.

தன்மைகள்

தேனிரும்புக் கம்பியில் வெட்டுக்காயம் இட்டு வளைத்தால், அது பச்சை மரம்போல நார்நாராகப் பிளக்கும். நார் ஓடும் திசையில் அதன் வலிமை மிகுதி. குறுக்குத் திசையில் குறைவு. இழுவிசையைத் தாங்குவதில் மென்னெஃகு பொதுவாக அதனினும் வலியது. ஆகவே தேனிரும்பின் சிறப்பை வலிமையில் தேடுவது பொருந்தாது. கொல்லனின் கைக்கு அது இசைவதே அதன் சிறப்பு. வெண்சூட்டை நெருங்கும்வரை காய்ச்சி அடிக்க அது இடந்தரும். இரு துண்டுகளை உலையில் காய்ச்சி அடித்து ஒட்டும்போது, உள்ளிருக்கும் கசடே இளக்கியாக நின்று ஒட்டுதலுக்குத் துணைசெய்யும். 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் ழான் தீஜூ ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனைக்கு அமைத்த 12 இரும்புத் தட்டிகளின் இலைவேலைப்பாடு, இவ்விளகுதன்மைக்குச் சான்று. 1851இல் லண்டன் பெருங்கண்காட்சிக்குக் கோல்புரூக்டேல் ஆலையார் செய்தளித்த புகழ்பெற்ற வாயிற்கதவுகள் வார்ப்பிரும்பால் ஆனவை. அச்சில் ஊற்றும் வார்ப்பு ஒரே வடிவத்தைப் பலமுறை தரும். ஆயினும் பலத்த அடிபட்டால் வளையாமல் உடையும்.

தேனிரும்பு துருப்பிடிக்காது என்பது மிகைக்கூற்று. தில்லி இரும்புத்தூணின் நிலைபேறு இதற்கு எடுத்துக்காட்டாகக் கூறப்படுவதுண்டு. அத்தூணின் இரும்பில் மிகுதியாக உள்ள பாஸ்பரஸும், அதனால் மேற்பரப்பில் உருவான காப்புப் படலமும் அதன் நிலைபேற்றுக்கு முதன்மைக் காரணங்களாக ஆய்வாளரால் சுட்டப்படுகின்றன. எல்லாத் தேனிரும்பிற்கும் அப்பண்பு உரியதன்று. கதவு எவ்வகை இரும்பாயினும், நீர் தேங்கும் பொருத்துவாய்களில் துரு தொடங்கும். கடலோர ஊர்களில் அது விரையும். மென்னெஃகுக் கதவிற்கு நாகமுலாமும் வண்ணப்பூச்சும் ஆயுளை நீட்டிக்கும்.

விலையின் கூறுகள்

தமிழ்நாட்டில் இரும்புக் கதவுக்குக் கிலோ கணக்கிலோ சதுர அடிக் கணக்கிலோ விலை பேசப்படுகிறது. 3 மீட்டர் அகலமும் 1.5 மீட்டர் உயரமும் உடைய இரட்டைக் கதவொன்றைக் கொள்வோம். 12 மி.மீ. சதுரக் கம்பி மீட்டருக்கு 1.13 கிலோ எடையுடையது. அத்தகைய 28 நிமிர்கம்பிகள் 47 கிலோவைச் சற்றே மிஞ்சும். 25 மி.மீ. சதுரக் கம்பியாலான இரு சட்டங்களும் ஏறத்தாழ 59 கிலோ. ஆக மொத்தம் 106 கிலோ. இதே கதவைத் தேனிரும்பால் செய்தால் எடை 2 கிலோ அளவிற்கே குறையும்.

எடை ஏறக்குறைய ஒன்றாயிருக்க, விலையோ பெரிதும் வேறுபடும். முதற்காரணம் பொருளின் அருமை. பிரிட்டனில் தேனிரும்பின் வணிக உற்பத்தி 1970களில் முடிவுற்றது. இன்று கிடைப்பது பழைய சங்கிலி, பாலம் முதலியவற்றின் இரும்பை மீண்டும் காய்ச்சி உருட்டியது. இரண்டாவது, கையுழைப்பு. சுருளின் நுனியைக் காய்ச்சி, அடித்து மெலித்து, வளைத்து முடிக்கும் வேலையைப் பொறி குளிர்நிலையிலேயே நொடிகளில் வளைத்துத் தருகிறது. மூன்றாவது, பொருத்துமுறை. துளையும் முளையும், தறையாணி, பட்டை வளையம் ஆகியவற்றால் இணைப்பதற்கு ஆகும் நேரம், மின்வில் பற்றவைப்பிற்கு ஆவதில்லை. கிலோ விலை இம்மூன்றையும் மறைக்கிறது. எனவே பொருள், கம்பியின் பருமன், பொருத்துமுறை, பூச்சு ஆகிய நான்கையும் தனித்தனியே குறிக்கும் மதிப்பீடே ஒப்பிடத்தக்கது.

ஆவணங்களில் சொல்லாட்சி

பழைய கட்டடங்களை ஆவணப்படுத்துவோருக்கு இவ்வேறுபாடு காலக்கணிப்புச் சான்றாகும். பெசிமர் தம் எஃகாக்க முறையை வெளியிட்டது 1856இல். ஆகவே உருட்டிய மென்னெஃகுக் கம்பியாலான கதவு அதற்கு முற்பட்டதாக இருக்க இயலாது. தேனிரும்பு அதன் பின்னரும் பல்லாண்டுகள் வழங்கியமையால், தேனிரும்பு என்பது கொண்டு மட்டும் ஒரு கதவைப் பழையது எனத் துணியவும் இயலாது. துருவேறிய முனையில் நாரமைப்புத் தெரிவது தேனிரும்பிற்கு அடையாளம். சிதைந்த தேனிரும்புப் பகுதிக்கு மாற்றாக மென்னெஃகு இட்டால் அதனைப் பதிவுசெய்தல் வேண்டும். இல்லையேல் பிற்கால ஆய்வாளர் பழுதுபார்ப்பை மூலமெனக் கொள்வர்.

முடிவுரை

பொருள் உறுதியான இடத்தில் மட்டும் 'தேனிரும்பு' என எழுதுதல் தகும். பொருள் அறியப்படாது, கையால் அடித்துச் செய்தமை மட்டும் தெளிவாயின் 'கொல்லுவேலைக் கதவு' எனலாம். பொறியால் வளைத்துப் பற்றவைத்தது 'மென்னெஃகு அலங்காரக் கதவு'. அச்சில் ஊற்றியது 'வார்ப்பிரும்புக் கதவு'. இந்நான்கு பெயர்களும் வரையறையோடு ஆளப்பட்டால், விலைப்பட்டியலைப் படிப்பவரும் கட்டட வரலாறு எழுதுபவரும் ஒரே பொருளை ஒரே பெயரால் அறிவர்.