உலகம் அழிந்த பிறகு புரியும் காதல்: ‘டெவில்மேன் கிரைபேபி’ ஏன் இன்னும் பேசப்படுகிறது?

‘அனிமேதானே, கார்ட்டூன் மாதிரி இருக்கும்’ என்று நினைத்து வீட்டு ஹாலில் ‘டெவில்மேன் கிரைபேபி’யைப் போட்டீர்கள் என்றால், முதல் எபிசோட் முடிவதற்குள் ரிமோட்டைத் தேடி ஓட வேண்டியிருக்கும். ரத்தம், நிர்வாணம், மனித உடலைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும் பிசாசுகள் என்று எதற்கும் குறைவில்லாத, வயது வந்தோருக்கு மட்டுமான சீரிஸ் இது.

2018 ஜனவரி 5 அன்று நெட்ஃபிளிக்ஸில் 10 எபிசோடுகளும் ஒரே நாளில் வெளியாகின. ஆனால், பார்த்து முடித்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள். அந்த ரத்தத்தைவிட, கடைசிக் காட்சியில் வரும் ஓர் அழுகையைப் பற்றித்தான் அதிகம் பேசுவார்கள். இவ்வளவு கொடூரமான ஒரு ஹாரர் கதை எப்படிக் காதல் கதையாகவும் இருக்கிறது? கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம்.

கதை என்ன?

அகிரா ஃபுடோ ஒரு பள்ளி மாணவன். பெற்றோர் வேலை நிமித்தமாக வெளியூரில் இருப்பதால், மகிமுரா என்ற குடும்பத்தின் வீட்டில் வளர்கிறான். ஒல்லியான உடம்பு, பயந்த சுபாவம். யாராவது வலியில் துடிப்பதைப் பார்த்தாலே இவனுக்குக் கண்ணீர் வந்துவிடும். அந்த வீட்டுப் பெண் மிகி, ஓட்டப் பந்தயத்தில் ஸ்டார். இருவருக்கும் நடுவில் சொல்லப்படாத ஒரு நேசம் இருக்கிறது.

இந்த நேரத்தில் அகிராவின் பால்ய நண்பன் ரியோ அசுகா திரும்பி வருகிறான். ‘பூமியில் ஏற்கெனவே பிசாசுகள் இருக்கின்றன, மனித உடல்களுக்குள் புகுந்து வாழ்கின்றன’ என்கிறான். அவற்றோடு மோத வேண்டுமென்றால் ஒரே வழிதான். ஒரு பிசாசை நம் உடலுக்குள் அனுமதிக்க வேண்டும். மனதை மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது. அதற்காக அகிராவை ஒரு ரகசிய பார்ட்டிக்கு அழைத்துப் போகிறான். அங்கே அமோன் என்ற வலிமையான பிசாசு அகிராவுக்குள் நுழைகிறது. உடல் பிசாசு, மனசு மனிதன். இதுதான் டெவில்மேன்.

உடல் முறுக்கேறுகிறது, பசி பல மடங்காகிறது, நடையே மாறுகிறது. மாறாத ஒரே விஷயம், பிறருக்காக அழுவது. ‘கிரைபேபி’ என்றால் அழுமூஞ்சி. மூலக் கதையின் தலைப்பில் இந்த வார்த்தை கிடையாது. 2018-ல் சேர்க்கப்பட்டதுதான். மொத்த சீரிஸின் சாவியும் அதற்குள்தான் இருக்கிறது.

1972-ல் பிறந்த பிசாசு

டெவில்மேனை உருவாக்கியவர் கோ நாகாய். ராட்சத ரோபோவுக்குள் மனிதன் ஏறி உட்கார்ந்து ஓட்டும் ‘மசிங்கர் இஸட்’டை உருவாக்கியவரும் இவர்தான். 1972-ல் டெவில்மேன் ஒரே நேரத்தில் இரண்டு வடிவங்களில் வந்தது. ஒன்று, சிறுவர்களுக்கான வார இதழில் தொடராக வந்த மாங்கா, அதாவது ஜப்பானிய காமிக்ஸ். இன்னொன்று, 39 எபிசோடுகள் கொண்ட டிவி அனிமே.

இதுல சுவாரஸ்யம் என்னன்னா, இரண்டும் வேறு வேறு கதைகள். டிவி வடிவத்தில் அகிராவின் உடலை எடுத்துக்கொள்ளும் பிசாசு, மிகியைக் காதலிக்கத் தொடங்கி, அவளுக்காகத் தன் இனத்தையே எதிர்க்கிறது. வாராவாரம் ஒரு வில்லன், ஒரு சண்டை, ஹீரோவுக்கு வெற்றி. மாங்காவோ நாளாக நாளாக இருண்டுகொண்டே போய், யாரும் ஜெயிக்காத ஒரு முடிவில் நிற்கிறது. அந்த முடிவின் பாதிப்பைப் பிறகு வந்த ‘நியான் ஜெனிசிஸ் இவாஞ்சலியன்’, ‘பெர்சர்க்’ போன்ற படைப்புகளிலும் பார்க்கலாம்.

நாகாய் பிறந்தது 1945-ல், இரண்டாம் உலகப் போர் முடிந்த ஆண்டில். டெவில்மேனைப் போருக்கு எதிரான கதையாகத்தான் எழுதியதாக அவரே சொல்லியிருக்கிறார். மனிதன் பிசாசோடு கலப்பது, சாதாரண இளைஞர்கள் கையில் ஆயுதம் திணிக்கப்படுவதற்கான உருவகம். சண்டை போட வேண்டுமென்றால் நீங்களும் கொஞ்சம் பிசாசாக வேண்டும். அதற்கான விலை என்ன என்பதுதான் கதையின் கேள்வி.

நாகாயின் 50 ஆண்டு காலப் படைப்பு வாழ்க்கையைக் கொண்டாடும் விதமாக உருவானதுதான் ‘கிரைபேபி’. இயக்கியவர் மசாக்கி யுவாசா. ‘மைண்ட் கேம்’, ‘பிங் பாங்’ எல்லாம் எடுத்தவர். 2013-ல் இவரும் யூன்யங் சோயும் சேர்ந்து தொடங்கிய ‘சயின்ஸ் சாரு’ ஸ்டூடியோவில்தான் இது தயாரானது. மாங்காவின் கடைசி வரை போகும் துணிச்சல் இந்த டீமுக்கு இருந்தது. டிவி சேனல் இல்லாமல் நேரடியாக ஓடிடியில் வந்ததால், காட்சிகளை மென்மையாக்க வேண்டிய கட்டாயமும் இல்லை.

ஏன் இப்படி நெளிகிறது?

வழக்கமான அனிமே மாதிரி நுணுக்கமான கோடுகள், பளபளப்பான தலைமுடி எல்லாம் இதில் கிடையாது. கோடுகள் எளிமையாக, தட்டையான வண்ணங்களில் இருக்கும். ஓடும்போது கை கால்கள் ரப்பர் மாதிரி நீளும். ஆரம்பத்தில் ‘என்னடா டிராயிங் இது’ என்று தோன்றலாம்.

ஆனால், உடல் என்பது நிலையான ஒன்று இல்லை என்று சொல்லும் கதைக்கு இந்த ஸ்டைல் செம பொருத்தம். எந்த முகம் எப்போது உருகி வாயாக மாறும் என்று தெரியாத பயம் கூடவே வருகிறது. கென்சுகே உஷியோவின் எலெக்ட்ரானிக் இசை அந்தப் பதற்றத்தை இன்னும் ஏற்றுகிறது. இடையிடையே தெருவோரத்தில் ராப் பாடும் இளைஞர்கள் வருகிறார்கள். நம் கூத்தில் கட்டியங்காரன் நடுவில் வந்து கதையின் போக்கைச் சொல்வதுபோல, நகரத்தின் மனநிலையை இவர்கள் பாட்டிலேயே சொல்லிவிடுகிறார்கள்.

பிசாசுக்குக் காதல் வருமா?

பிசாசுகளுக்கு அன்பு தெரியாது என்பதுதான் இந்தக் கதையின் தொடக்க விதி. அடித்துத் தின்னும், புணரும், அவ்வளவுதான். இந்த விதியை உடைப்பதும் ஒரு பிசாசுதான்.

சைரீன் என்ற பறக்கும் பிசாசு, அமோனின் பழைய காதலி. அமோனின் உடலை அகிரா வைத்திருப்பது அவளுக்குப் பொறுக்கவில்லை. மோதுகிறாள், படுகாயமடைகிறாள். அப்போது காய்ம் என்ற இன்னொரு பிசாசு வருகிறான். அவன் சைரீனை நேசிப்பவன். அவள் மனம் வேறு ஒருவனிடம் இருப்பது தெரிந்தும், தன் உடலோடு கலந்து சண்டையை முடித்துக்கொள் என்று தன் உயிரையே கொடுக்கிறான். ஜெயிக்கப்போகும் கணத்தில் நின்ற நிலையிலேயே சைரீன் இறந்துபோகிறாள்.

அதுவரை ‘இவர்கள் கொல்லப்பட வேண்டியவர்கள்’ என்று பார்த்துக்கொண்டிருந்த நமக்கு அந்த இடத்தில் தொண்டை அடைக்கிறது. யார் மனிதன், யார் பிசாசு என்ற கோடு முதல் தடவையாக அழிவது இங்கேதான்.

ஒரு போஸ்ட், ஒரு கும்பல்

(ஸ்பாய்லர் எச்சரிக்கை: இதற்குப் பிறகு கதையின் முடிவும் வருகிறது. பார்த்துவிட்டு வந்து படிக்க நினைப்பவர்கள் கடைசிப் பகுதிக்குப் போய்விடலாம்.)

பிசாசுகள் இருக்கின்றன என்பதை ரியோ டிவி மூலமாக உலகத்துக்குக் காட்டிவிடுகிறான். பிறகு அகிரா உருமாறும் வீடியோவையும் வெளியிடுகிறான். அன்றிலிருந்து யாரும் யாரையும் நம்புவதில்லை. பக்கத்து வீட்டுக்காரன் பிசாசாக இருக்கலாம், கூடப் படித்தவன் பிசாசாக இருக்கலாம். கட்டை, கத்தியோடு கும்பல்கள் தெருவில் இறங்குகின்றன. சந்தேகம் ஒன்றே போதும், கொல்வதற்கு.

அப்போது மிகி ஒரு காரியம் செய்கிறாள். அகிராவின் போட்டோக்களோடு சமூக வலைதளத்தில் ஒரு போஸ்ட் போடுகிறாள். ஆமாம், இவன் டெவில்மேன்தான். ஆனால் மனித மனசு உள்ளவன், பிறருக்காக அழுபவன், நான் இவனை நம்புகிறேன் என்கிறாள். வெறுப்பும் மிரட்டலும் கமென்ட்களாகக் குவிகின்றன. அதற்கு நடுவில் சிலர் மட்டும், தாங்கள் நேசித்தவர்களைப் பற்றி மெல்ல எழுதத் தொடங்குகிறார்கள்.

மொத்த சீரிஸிலும் வெளிப்படையான காதல் அறிவிப்பு என்றால் இந்தப் போஸ்ட்தான். ஆனால், கும்பல் அவள் வீட்டுக்கே வந்துவிடுகிறது. 9-வது எபிசோடில் மிகியைக் கொல்வது எந்தப் பிசாசும் இல்லை. அவளைப் போன்ற மனிதர்கள். கொன்றுவிட்டு, தீ மூட்டி ஆடவும் செய்கிறார்கள்.

கற்பனை மட்டும்தானா?

‘மனிதர்கள் இப்படியா செய்வார்கள்?’ என்று கேட்டால், ஜப்பானின் சொந்த வரலாறே பதில் சொல்கிறது. 1923 செப்டம்பர் 1 அன்று டோக்கியோ, யோகோஹாமா பகுதியைத் தாக்கிய கான்டோ நிலநடுக்கத்தில் ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் இறந்தார்கள். அடுத்த சில மணி நேரங்களிலேயே, கொரியர்கள் கிணற்றில் விஷம் கலக்கிறார்கள், தீ வைக்கிறார்கள் என்ற வதந்தி பரவியது. ஊர்க்காவல் என்ற பெயரில் சாதாரண மக்கள் கும்பலாகச் சேர்ந்து ஆயிரக்கணக்கான கொரியர்களைக் கொன்றார்கள். போலீஸுக்கும் ராணுவத்துக்கும் அதில் பங்கு உண்டு.

யார் கொரியர் என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள்? ‘15 யென் 50 சென்’ என்பதை ஜப்பானிய மொழியில் சொல்லச் சொன்னார்கள். உச்சரிப்பு பிசகினால் உயிர் போனது. சிபா மாகாணத்தின் ஃபுகுடா கிராமத்தில், ககாவாவிலிருந்து வந்திருந்த ஜப்பானிய வியாபாரிகள் 9 பேரே கொல்லப்பட்டார்கள். அவர்கள் பேசிய வட்டார வழக்கு அந்த ஊர்க்காரர்கள் காதுக்கு அந்நியமாகக் கேட்டது, அவ்வளவுதான் காரணம்.

‘டெவில்மேன்’ இந்தச் சம்பவத்தின் கதை இல்லை. ஆனால் பயம், வதந்தி, கும்பல் என்ற அந்த வரிசை அப்படியே இதில் இருக்கிறது. கையில் போனோடு பார்க்கும் நமக்கு அது இன்னும் நெருக்கமாகச் சுடுகிறது.

ரியோ யார்?

இப்போது கதையின் நிஜமான காதலுக்கு வருவோம். ரியோ மனிதன் இல்லை, அவன்தான் சாத்தான். தான் யார் என்பதையே மறந்து மனிதக் குழந்தையாக வளர்ந்தவன். அன்பு என்று ஒன்று உலகத்தில் இல்லவே இல்லை என்று சீரிஸின் தொடக்கத்திலேயே அடித்துச் சொல்பவனும் அவன்தான்.

அப்படியென்றால் அகிராவை ஏன் டெவில்மேனாக மாற்றினான்? பிசாசுகள் பூமியைக் கைப்பற்றப்போகின்றன, மனிதர்கள் யாரும் பிழைக்க மாட்டார்கள். அகிரா மட்டும் பிழைக்க வேண்டும் என்றால் அவனும் பாதிப் பிசாசாக வேண்டும். அன்பே இல்லை என்றவன், கதையின் முதல் அடியையே அன்பால்தான் எடுத்து வைத்திருக்கிறான். அது அவனுக்கே தெரியவில்லை.

சின்ன வயதில் இருவரும் செத்துக்கொண்டிருக்கும் ஒரு பூனைக்குட்டியைப் பார்க்கிறார்கள். எப்படியும் சாகப்போகிறது, கொன்றுவிடலாம் என்பது ரியோவின் கணக்கு. அகிரா அழுகிறான். இந்த இரண்டு குணங்களுக்கு நடுவில்தான் 10 எபிசோடுகளும் ஓடுகின்றன. ரிலே ஓட்டத்தில் கைமாறும் பேட்டன் திரும்பத் திரும்ப வருவதைக் கவனியுங்கள். அகிரா நீட்டும் பேட்டனை ரியோ வாங்கவே இல்லை.

கடைசியில் எல்லாம் அழிந்த பூமியில், ரியோ தன் பக்கத்தில் படுத்திருக்கும் அகிராவிடம் பேசிக்கொண்டே இருக்கிறான். பதில் வரவில்லை. அகிரா எப்போதோ இறந்துவிட்டான் என்பது மெதுவாகப் புரிகிறது. உலகத்தை ஜெயித்தவன், வாழ்க்கையில் முதல் முறையாகக் கதறி அழுகிறான். பேட்டன் அப்போதுதான் அவன் கைக்கு வந்து சேர்கிறது. வாங்கிக்கொண்டு ஓடத்தான் யாரும் மிச்சமில்லை. முதல் எபிசோடின் தலைப்பு ‘நீ எனக்கு வேண்டும்’ என்ற பொருளில் இருப்பது அதற்குப் பிறகுதான் உறைக்கும்.

பார்க்கலாமா?

குறைகள் இல்லாமல் இல்லை. 5 தொகுதி மாங்காவை 10 எபிசோடுகளுக்குள் அடக்கியதால், பின்பாதி மூச்சிறைக்க ஓடுகிறது. முதல் சில எபிசோடுகளில் பெண் உடல்களைக் காட்டும் விதம் தேவைக்கு அதிகம் என்று தோன்றினால், அந்தக் கோபமும் நியாயமானதே. பாலியல் வன்முறை, குழந்தைகளுக்கு நேரும் கொடுமை, கும்பல் கொலை என மனதைக் குலைக்கும் காட்சிகள் பல உண்டு. அதெல்லாம் ஒத்துவராது என்றால் தயங்காமல் தவிர்த்துவிடுங்கள்.

இதையெல்லாம் மீறி, கிரஞ்சிரோல் அனிமே விருதுகளில் 2018-க்கான சிறந்த அனிமே விருதும், யுவாசாவுக்குச் சிறந்த இயக்குநர் விருதும் கிடைத்தன. பழைய டிவி சீரிஸையோ மாங்காவையோ தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. மொத்தமாகப் பார்த்து முடிக்க சுமார் 4 மணி நேரம் ஆகும்.

முடிந்தால் ஜப்பானிய ஆடியோவில், சப்டைட்டிலோடு பாருங்கள். ரியோவுக்குக் குரல் கொடுத்த அயுமு முராசே கடைசிக் காட்சியில் உடைந்து அழுவதை அந்தக் குரலிலேயே கேட்க வேண்டும். வீட்டில் குழந்தைகள் இருந்தால் ஹெட்போன் மட்டும் போதாது, தனி அறையும் வேண்டும். இன்னொன்று: 9-வது எபிசோடைத் தூங்கப்போகும் முன் பார்க்காதீர்கள். பார்த்துவிட்டால், 10-வதையும் அன்றைக்கே முடித்துவிடுங்கள்.